வரி நாமே கொடுப்பதா, நம்மிடம் வாங்கப்படுவதா?

கல்லுரல் (கோவை) எழுதியது

வணக்கம். இந்தக் குழுவில் நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி. இன்று ஒன்று கேட்க வேண்டும்.

ஆவாரம்பாளையம் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். வெட் கிரைண்டருக்கு டிரம், ஸ்டாண்டு செய்து கொடுக்கிறோம். அப்பா ஆரம்பித்தது. எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். 2025 மார்ச்சில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு வரி அதிகாரிகள் நாலு பேர் வந்தார்கள். எனக்குத் தகடு விற்ற ஒருவரின் ஜிஎஸ்டி பதிவு ரத்தாகிவிட்டதாம், அதனால் அவர் பில்லுக்கு நான் எடுத்த இன்புட் (சரக்கு வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவு) செல்லாதாம். பில் காட்டினேன், லாரி ரசீது காட்டினேன், பேங்க் வழியாகப் பணம் போனதைக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்கள்.

ராத்திரி ஒன்பதரை ஆகியும் கிளம்பவில்லை. "3,40,000 இப்பவே கட்டிட்டா இதோட முடிஞ்சுது. இல்லேன்னா கம்ப்யூட்டர், லெட்ஜர் எல்லாம் எடுத்துட்டுப் போக வேண்டியிருக்கும்" என்றார் ஒருவர். அப்பாவுக்குச் சர்க்கரை. மத்தியானத்தில் இருந்து எதுவும் சாப்பிடாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தம்பியிடம் கொஞ்சம் புரட்டிக் கட்டிவிட்டேன்.

கட்டுவதற்கு டிஆர்சி-03 என்று ஒரு படிவம். எதற்காகக் கட்டுகிறோம் என்ற கட்டத்தை அழுத்தினால் பட்டியல் விரியும். அதில் அவர் விரல் வைத்துக் காட்டிய சொல் 'வாலன்டரி'. அதைத்தான் அழுத்தினேன்.

பணத்தைப் பற்றி ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளலாம். என் மனதில் நிற்பது அந்தச் சொல். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வீட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, "நாமதானே ஓட்டுப் போட்டு ஆட்சியை அமைக்கிறோம், அப்ப வரிங்கிறது நாமே நமக்குக் கட்டிக்கிறதுதானே?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஜனநாயகத்தில் வரி நாம் மனமொப்பிக் கொடுப்பதா, அல்லது பிடுங்கப்படுவதா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

தெற்குவீதி (சென்னை) எழுதியது

கட்டாயம்தான் அண்ணா. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

நான் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என் வருமான வரியை நான் கையால் தொட்டதே இல்லை. டிடிஎஸ் என்று சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். கைக்கே வராத பணத்தை நான் 'கொடுத்தேன்' என்று எப்படிச் சொல்வது? வேண்டுமென்றே ஏய்த்தால் சிறை என்று சட்டம் சொல்கிறது. பின்னால் சிறை நிற்கும் ஒன்றை யாரும் நன்கொடை என்று சொல்ல மாட்டார்கள்.

ஓட்டுப் போட்டதால் ஒப்புக்கொண்டோம் என்ற வாதமும் எனக்குப் பிடிபடவில்லை. ஜெயித்த கட்சிக்குப் போட்டவரும் கட்டுகிறார், தோற்ற கட்சிக்குப் போட்டவரும் கட்டுகிறார், ஓட்டே போடாதவரும் கட்டுகிறார். என் ஆறு வயதுப் பையன் பிஸ்கட் வாங்கினால் அதிலும் வரி இருக்கிறது, அவனுக்கு ஓட்டே இல்லை. 'சரி' என்று சொல்வதற்கு அர்த்தம் வர வேண்டும் என்றால் 'முடியாது' என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். அந்த வழி யாருக்கும் இல்லை.

மருதம் (தஞ்சாவூர்) எழுதியது

அரசு மருத்துவமனையில் பதினேழு வருடமாகச் செவிலியர். அதனால் இதை வேறு பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.

கல்லுரல் அண்ணனுக்கு நடந்தது அநியாயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் தெற்குவீதி தம்பி சொல்கிற மாதிரி வரி மொத்தத்தையும் பிடுங்கல் என்று என்னால் எழுத முடியவில்லை. போன வாரம் நைட் டியூட்டியில் ஒரு பெண் வந்தாள், பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. 108 வண்டியில் ஒரத்தநாடு பக்கத்துக் கிராமத்தில் இருந்து கொண்டுவந்தார்கள். நான்கு யூனிட் ரத்தம், அறுவை அரங்கு, மயக்க மருத்துவர். விடியும்போது பிழைத்துக்கொண்டாள். அவள் கணவர் கொத்தனார் வேலைக்கு உதவியாகப் போகிறவர். பில் எங்கே கட்டணும் என்று கேட்டார். கட்ட வேண்டியதில்லை என்றதும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? உங்கள் டிடிஎஸ்ஸில் இருந்தும் வந்தது, அவர் வாங்குகிற சோப்பில் இருந்தும் வந்தது. இதையும் மறக்க வேண்டாம்: வருமான வரி கட்டுகிறவர்களை மட்டும் 'வரி கட்டுவோர்' என்று பேசுகிற பழக்கம் ஒன்று வந்துவிட்டது. கூலி வேலை செய்கிறவரும் தினமும் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்கு ரிட்டர்ன் போடவும் வழியில்லை, ரீஃபண்ட் கேட்கவும் வழியில்லை.

தெற்குவீதி எழுதியது

அக்கா, நல்ல காரியத்துக்குச் செலவானது என்பது ஒன்று, நான் மனமொப்பிக் கொடுத்தேன் என்பது வேறொன்று. என் சட்டைப் பையில் இருந்து கேட்காமல் எடுத்து ஒருவர் உயிரைக் காப்பாற்றினாலும், கேட்காமல் எடுத்தது எடுத்ததுதான். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன்.

மருதம் எழுதியது

நீங்கள் கொடுத்திருப்பீர்கள் தம்பி, நம்புகிறேன். எல்லாரும் கொடுப்பார்களா? அந்தப் பெண்ணுக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு ரத்தம் தேவைப்பட்டது. யார் கொடுப்பார் என்று அப்போது உண்டியல் தூக்கிக்கொண்டு போக முடியாது.

கணக்குப்பிள்ளை (மதுரை) எழுதியது

22 வருடமாக வரி ஆலோசகராக இருக்கிறேன். விவாதத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கல்லுரலுக்கு அவசரமான விஷயம். வந்த அதிகாரிகள் எந்தப் பிரிவு, யார் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

சோதனை நடக்கும்போதே பணம் வசூலிக்கக் கூடாது. 2021 பிப்ரவரியில் குஜராத் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. வியாபாரி தானே முன்வந்து கட்டுகிறேன் என்றாலும், சோதனை முடிந்து அதிகாரிகள் இடத்தைவிட்டுப் போன பிறகு, மறுநாள் வந்து கட்டச் சொல்ல வேண்டும் என்றது. 2022 மே 25-இல் மத்திய மறைமுக வரி வாரியமும் தன் அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது: சோதனையின் போது கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது, புகார் வந்தால் விசாரிக்க வேண்டும் என்று. கடைசியாக 2025 பிப்ரவரி 27-இல் உச்ச நீதிமன்றம், ராதிகா அகர்வால் வழக்கில், மிரட்டிக் கட்ட வைக்கிறார்கள் என்ற புகாரில் ஓரளவு உண்மை இருப்பதாகவே புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன என்றது. அப்படிக் கட்டியவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் போகலாம் என்றும் சொன்னது. அதற்கு அடுத்த மாதம்தான் உங்களுக்கு இது நடந்திருக்கிறது.

உடனே செய்ய வேண்டியது: எதிர்ப்புடன் கட்டியது என்று எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். அன்று எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் பணம் போனது, யார் யார் உடன் இருந்தார்கள் என்று எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். பேங்கில் இருந்து வந்த குறுஞ்செய்தியில் நேரம் இருக்கும், அதை அழித்துவிடாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரீஃபண்டு கேட்க இரண்டு வருடம் கெடு உண்டு. ஆனாலும் நாள் போகப் போக உங்கள் பேச்சின் பலம் குறையும்.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன்.

வரி கட்டாயமா என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1954-லேயே பதில் சொல்லிவிட்டது. சிரூர் மடம் வழக்கு. அந்த மடம் இருக்கும் உடுப்பி அப்போது சென்னை மாநிலத்தில் இருந்தது. நம் அறநிலையச் சட்டத்தின் கீழ் மடங்களிடம் வாங்கிய தொகை வரியா, கட்டணமா என்பதும் அதில் ஒரு கேள்வி. வரியின் சாரமே கட்டாயம்தான், கட்டுபவரின் ஒப்புதல் இல்லாமல் சட்டத்தின் பலத்தால் விதிக்கப்படுவது அது என்றது நீதிமன்றம். செய்த சேவைக்கு வாங்கினால் கட்டணம், சேவையோடு நேரடித் தொடர்பு இல்லாமல் பொதுச் செலவுக்கு வாங்கினால் வரி. ஆக, 'கட்டுபவரின் ஒப்புதல் இல்லாமல்' என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே சொல்லி எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. கட்டாயம் என்று ஒப்புக்கொண்டால்தான் அதற்கு எல்லை போட முடியும். அரசியல் சாசனத்தின் 265-ஆம் பிரிவு ஒரே வாக்கியம்: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது. கட்டாயப்படுத்தி வாங்குவதால்தான் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும், நேரில் விசாரிக்க வேண்டும், காரணம் எழுதி ஆணை போட வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி வைக்க வேண்டும். 'தானாக முன்வந்து கட்டினார்' என்று ஆகிவிட்டால் இவை ஒன்றுமே வேண்டாம். நோட்டீஸ் இல்லை, ஆணை இல்லை. ஆணை இல்லை என்றால் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வீர்கள்? கல்லுரலின் பணத்தோடு இந்த உரிமைகளும் அந்த ஒரு சொல்லில் போய்விட்டன. அதனால்தான் அந்தச் சொல்லை அழுத்தச் சொன்னார்கள்.

கல்லுரல் எழுதியது

ரொம்ப நன்றிங்க ஐயா. பேங்க் செய்தி இருக்கிறது. இரவு 10.12. கடிதம் இந்த வாரமே எழுதுகிறேன்.

நீங்கள் கடைசியில் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆத்திரம் ஏன் அடங்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. 'உன்னிடம் வாங்கினோம்' என்று சொல்லியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன். 'நீயே கொடுத்தாய்' என்று என் கையாலேயே எழுத வைத்துவிட்டார்கள்.

ஏரிக்கரை (செங்கல்பட்டு) எழுதியது

வணிகவரித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். செக்போஸ்ட்டில் ராத்திரி முழுக்க நின்றிருக்கிறேன். கல்லுரல் தம்பி, உங்கள் அப்பாவை அன்று சாப்பிடச் சொல்லாமல் உட்கார வைத்ததற்கு, அந்த வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் வருத்தப்படுகிறேன். நாங்கள் எல்லாரும் அப்படி இல்லை. ஆனால் இலக்கு என்று ஒன்று உண்டு. மார்ச் மாதம் வந்தால் மேலிருந்து நெருக்குவார்கள். அதை மறைப்பதில் பயன் இல்லை.

சரித்திரத்தில் இருந்து ஒன்று சொல்லலாம் என்று தோன்றுகிறது. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி திருச்சியில் இருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தார், உப்புச் சட்டத்தை மீறுவதற்கு. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே வரி, கேட்காமல் போட்ட வரி. அதே ராஜாஜி 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமர் (இன்றைய முதல்வர் போல) ஆனார். சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். எல்லாப் பொருளுக்கும் பொதுவாகப் போட்ட விற்பனை வரி இந்தியாவில் அதுதான் முதல். நான் முப்பது வருடம் வசூலித்தது அதன் வாரிசைத்தான். இன்றைய ஜிஎஸ்டியும் அந்தப் பரம்பரைதான்.

ஒரே மனிதர். ஒரு வரியை மீறிச் சிறை போனார், ஒன்பது வருடத்தில் இன்னொரு வரியை விதித்தார். இரண்டுமே கட்டாயம், இரண்டுமே சாமானியனின் அன்றாடப் பொருள் மேல் விழுந்தவை. முன்னுக்குப் பின் முரண் என்று நான் நினைக்கவில்லை. முதலாவதைத் தடுக்கும் அதிகாரம் உள்ள ஒரு சபை நமக்கு இல்லை. இரண்டாவது, சட்டசபையில் வைத்து, எதிர்ப்பவர்கள் எதிர்த்துப் பேசி, பிறகு நிறைவேறியது. அந்தச் சபைக்கும் அப்போது எல்லாரும் ஓட்டுப் போடவில்லை. சொத்தோ, வரியோ, படிப்போ இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. அந்தக் குறையோடுதான் சொல்கிறேன். ஜனநாயகம் வரியை விருப்பமாக மாற்றுவதில்லை. அதை யார் முடிவு செய்வது, யாருக்குக் கணக்குச் சொல்வது என்பதைத்தான் மாற்றுகிறது.

தெற்குவீதி எழுதியது

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். அந்தச் சபை இன்று எங்கே இருக்கிறது?

கல்லுரலின் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெட் கிரைண்டருக்கு ஜிஎஸ்டி 2017 ஜூலையில் 28 சதவீதம். நவம்பரில் 12 ஆனது. 2019 அக்டோபரில் 5. 2022 ஜூலையில் ஒரேயடியாக 18. ஐந்து வருடத்தில் நாலு விகிதம். இதில் எதற்காவது தமிழ்நாடு சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்ததா? ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்கிறது, அறிவிப்பாணை வருகிறது, அவ்வளவுதான். கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது மத்திய அரசு வேண்டாம் என்றால் எல்லா மாநிலமும் சேர்ந்தாலும் நடக்காது. தமிழ்நாட்டின் ஓட்டு நூற்றுக்கு இரண்டு சொச்சம். கவுன்சிலின் பரிந்துரை அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். நடைமுறையில் எந்த மாநிலம் தனியாக விகிதத்தை மாற்றுகிறது?

செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் கூடுதலாக மத்திய அரசு வாங்குவதை மாநிலங்களோடு பங்கு போட வேண்டியதே இல்லை. என் சம்பளத்திலும் கல்வி, சுகாதார செஸ் 4 சதவீதம் போகிறது. அதில் மருதம் அக்காவின் வார்டுக்கு எவ்வளவு வந்தது என்று என்னால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா?

மருதம் எழுதியது

இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன் தம்பி. ஆனாலும் சபையில் நமக்கு ஆள் இல்லாத இடத்திலும் சில நேரம் நம் குரல் போய்ச் சேர்ந்திருக்கிறது. சானிட்டரி நாப்கினுக்கு 2017-இல் 12 சதவீதம் போட்டார்கள். மாதாமாதம் வருகிற ஒன்றை ஆடம்பரம் மாதிரி நடத்தினார்கள். நாடு முழுக்கப் பெண்கள் எழுதினார்கள், பேசினார்கள், நீதிமன்றம் போனார்கள். 2018 ஜூலையில் வரி முழுக்கப் போனது. அந்த ஒரு வருடம் நாங்கள் கட்டியது கட்டாயத்தால்தான். அது போனது எங்கள் பேச்சால்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்) எழுதியது

உங்கள் விவாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது மற்றப் பக்கம்.

2019 கடைசியில் இலங்கையில் வரியைக் குறைத்தார்கள். பெறுமதி சேர் வரி (வற் என்போம், உங்கள் ஊர் வாட்) 15 சதவீதத்தில் இருந்து 8 ஆனது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற வரியும் 2020 ஜனவரியோடு நின்றது. தேர்தல் வாக்குறுதி அது. சனம் வாக்குப் போட்டுக் கிடைத்த வரிக்குறைப்பு. வடக்கில் நாங்கள் பெரும்பாலும் அந்த ஜனாதிபதிக்கு வாக்களிக்கவில்லை, ஆனாலும் கையில் காசு கூடினபோது நாங்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் வங்கியில் வேலை செய்கிறேன். அந்த மாதச் சம்பளச் சிட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது நினைவிருக்கிறது.

பிறகு கொரோனா வந்தது, சுற்றுலா விழுந்தது, இன்னும் பல காரணங்கள் சேர்ந்தன. எல்லாம் வரிக்குறைப்பால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரசாங்கத்தின் வருமானம் ஓட்டையான நேரத்தில்தான் அத்தனையும் வந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். என் அம்மாவுக்குக் காலில் ஒரு சத்திர சிகிச்சை தள்ளிக்கொண்டே போனது. மருந்தையும் பஞ்சையும் வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள். பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசையில் நின்றிருக்கிறேன், இரவில் மோட்டார் சைக்கிளிலேயே சாய்ந்து தூங்கி.

இனிமேல்தான் உங்கள் கேள்வி வருகிறது. 2022 ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார். அடுத்தவரைப் பாராளுமன்றம் தேர்ந்தெடுத்தது, சனம் இல்லை. 2023 ஜனவரியில் அவருடைய அரசாங்கம் வருமான வரியை 36 சதவீதம் வரை ஏற்றியது. 2024-இல் வற் 18 ஆனது. வைத்தியர்கள், பல்கலைக்கழக விரிவுரையாளர்கள், வங்கி ஊழியர்கள் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்தோம். வரியே வேண்டாம் என்று நான் போகவில்லை. அம்மாவின் வார்டைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். எங்களைக் கேட்காமல் நாட்டை விழுத்திவிட்டு, எங்களைக் கேட்காமலே அதற்கான காசையும் எடுக்கிறார்கள் என்றுதான் போனேன். வடமாகாண சபைக்கு 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு இங்கே மாகாணத் தேர்தலே நடக்கவில்லை. கேட்பதற்குப் பக்கத்தில் ஒரு சபையும் இல்லை.

ஏரிக்கரை எழுதியது

பனங்கூடல், நீங்கள் கடைசியில் சொன்னது இங்கேயும் அப்படியே நடந்தது. சென்னை, கோவை உள்பட நம் மாநகராட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலர் கிடையாது, மேயர் கிடையாது. அரசு நியமித்த தனி அலுவலர்தான். அந்த ஐந்து வருடமும் சொத்து வரி கேட்பு ரசீது அரையாண்டு தவறாமல் வீட்டுக்கு வந்தது. 2022 மார்ச் 2-இல் கவுன்சிலர்கள் பதவி ஏற்றார்கள். அடுத்த மாதமே சொத்து வரி இருபத்தைந்தில் இருந்து நூற்றைம்பது சதவீதம் வரை ஏறியது. கிராமங்களிலும், 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது, திரும்பத் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

வரி கட்டாயம் என்பதில் எனக்குச் சங்கடம் இல்லை. கட்டாயம் மட்டும் நிற்காமல் ஓடி, சபை மட்டும் ஐந்து வருடம் நிற்கிறது என்பதுதான் எனக்குச் சங்கடம். மனசாட்சியோடு சொல்கிறேன், சர்வீஸில் இருந்த காலத்தில் இப்படி நான் யோசித்ததில்லை.

கல்லுரல் எழுதியது

என் வீட்டு வரியும் அப்போது ஏறியது ஐயா. நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டிவிட்டேன். அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் எங்கள் வார்டுக்கு கவுன்சிலர் இல்லை என்பதை அதோடு சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை.

புதிய உறுப்பினர் 'நேர்வழி' எழுதியது

பிடிக்கவில்லை என்றால் வேறு நாட்டுக்குப் போகலாமே? யாரும் கட்டிப்போடவில்லை. இங்கே இருப்பதே ஒப்புதல்தான்.

ஏரிக்கரை எழுதியது

தம்பி, அதையும் ஒரு ஊர் செய்து பார்த்தது. சீராலா-பேராலா. இப்போது ஆந்திரம், அப்போது சென்னை மாகாணம், குண்டூர் மாவட்டம். இரண்டு ஊரையும் சேர்த்து நகராட்சி ஆக்கினார்கள், வரி பல மடங்கு ஏறியது. நெசவாளர்களும் சிறு விவசாயிகளும் நிறைந்த ஊர். வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 1921-இல் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யா தலைமையில், நகராட்சி எல்லைக்கு வெளியே ராம்நகர் என்று குடிசை போட்டு, ஊரில் பெரும்பாலோர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தறியையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு. வெயில், மழை எல்லாவற்றிலும் பதினொரு மாதம் போல அங்கேயே கிடந்தார்கள். தலைவர் சிறைக்குப் போனார். கடைசியில் சனங்கள் திரும்ப வேண்டியதாயிற்று.

வெளியே போவதற்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டி இருந்தது. வீட்டையும் தொழிலையும் விட்டுப் போகாததால் ஒருவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நேர்வழி எழுதியது

இது எனக்குத் தெரியாது ஐயா. அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

பனிக்காலம் (சூரிச்) எழுதியது

சுவிட்சர்லாந்தில் இருக்கிறேன். கேட்டு வாங்குகிற நாடும் உண்டு என்று சொல்லத்தான் வந்தேன். இங்கே கூட்டாட்சி அரசு நேரடி வரியும் பெறுமதி சேர் வரியும் வாங்குகிற அதிகாரத்துக்கே அரசியல் சாசனத்தில் கெடு இருக்கிறது. கெடு முடியும் முன் மக்களிடம் கேட்க வேண்டும். 2018 மார்ச் 4-இல் கேட்டார்கள். நூற்றுக்கு 84 பேர் 'வாங்குங்கள்' என்று வாக்குப் போட்டார்கள். 2035 வரை நீட்டித்தார்கள்.

ஆனால் 'வேண்டாம்' என்ற 16 பேரும் கட்டுகிறார்கள். அப்போது எனக்குக் குடியுரிமை இல்லை. சம்பளத்தில் நேரே பிடித்தார்கள், வாக்குச் சீட்டு மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சுவிஸ் அம்மா சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்தச் சீட்டை நிரப்புவதைப் பார்த்தேன். தன்னை ஒரு வார்த்தை கேட்கிறார்கள் என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

தெற்குவீதி எழுதியது

84 பேர் சரி என்றது 16 பேரைக் கட்டுப்படுத்துவது எப்படி என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கேட்டுவிட்டு வாங்குவதும் கேட்காமல் வாங்குவதும் ஒன்று என்று நான் முதலில் எழுதினேன். அது சரியில்லை. பூட்டு ஒன்றுதான். ஆனால் சாவி என்னிடமும் ஒன்று இருக்கிறதா என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது

தெற்குவீதி, 'முடியாது' என்று சொல்ல வழியே இல்லை என்றீர்கள். நம் சாசனத்தில் ஒரே ஒரு இடத்தில் அது இருக்கிறது. 27-ஆம் பிரிவு. ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. மற்ற வரிகளில் கட்டாயம் உண்டு என்பதை மறைக்காமல், இதில் மட்டும் கூடாது என்று எழுதியவர்கள் 'ஒப்புதல்' என்று பூசி மெழுகவில்லை. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

கேட்காத வரிக்கு நம்மவர்கள் கட்டுப்பட்டே கிடந்தார்கள் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 1429-இல் விஜயநகர ஆட்சியின் கீழ், காவிரிப் பகுதியில், வலங்கை 98 சாதியும் இடங்கை 98 சாதியும் ஒன்றாகக் கூடியதைக் கொறுக்கை, ஆடுதுறை, திருவைகாவூர்க் கல்வெட்டுகளில் படிக்கலாம். எப்போதும் அடித்துக்கொள்ளும் இந்த இரண்டு சாதி அணிகளும், அதிகாரிகளும் நிலக்காரர்களும் போட்ட அநியாய வரியை எதிர்த்து ஒன்று சேர்ந்தார்கள். வரி தண்டுகிற அவர்களுக்கு அடைக்கலம் தரக் கூடாது, கணக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். வரியே கிடையாது என்றும் சொல்லவில்லை. இன்னது இவ்வளவு தருவோம் என்று கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் அந்தக் 'கணக்கு எழுதக் கூடாது' என்ற இடத்தை நான் பலமுறை நினைத்துக்கொள்வேன்.

மருதம் எழுதியது

கல்லுரல் அண்ணா, மகளுக்கு என்ன சொன்னீர்கள்?

கல்லுரல் எழுதியது

நாலு நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். ஆர்டர் நெருக்கடி.

மகளை உட்கார வைத்து இந்த இழை முழுவதையும் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "அப்ப கட்டாயம்தான்ப்பா, ஆனா எப்படிக் கட்டாயப்படுத்தலாம்னு முடிவு பண்றது நாமளா இருக்கணும்" என்றாள். எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. வார்டு பகுதி சபை அடுத்து எப்போது கூடும் என்று கவுன்சிலர் ஆபீஸில் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் வாங்கிய சொத்து வரி எவ்வளவு, திரும்ப வந்த வேலை எவ்வளவு என்று அங்கே கேட்கப் போகிறேன். இவளும் வருகிறாளாம்.

கடிதம் எழுதியாகிவிட்டது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் அடித்தாள். வந்த நேரம், போன நேரம், 10.12 செய்தி, அப்பா சாப்பிடாமல் இருந்தது வரை எல்லாம் இருக்கிறது. முதலில் 'தானாக முன்வந்து கட்டிய தொகை தொடர்பாக' என்று பொருள் எழுதியிருந்தோம், படிவத்தில் அப்படி இருப்பதால். கணக்குப்பிள்ளை ஐயா எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டு அவளே அதை அழித்து, 'கட்டாயத்தின் பேரில், எதிர்ப்புடன் செலுத்திய தொகை தொடர்பாக' என்று மாற்றினாள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் படித்துச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இன்று காலை பதிவுத் தபாலில் போய்விட்டது. ரசீதை லெட்ஜரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இன்று 20-ஆம் தேதி. சாயங்காலம் இந்த மாதம் போட வேண்டிய ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னும் போட்டு, வரியையும் கட்டிவிட்டேன்.